கடைக்கு ஆள் எடுக்கும்போது எந்தக் கேள்வியைக் கேட்பது?

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலும் சாட்ஸ்வொர்த்திலும் வெருலத்திலும் இந்திய வம்சாவளியினரான நம்மவர் நடத்தும் கடைகள், கிடங்குகள், மருந்தகங்கள், கணக்கர் அலுவலகங்களில் ஆள் எடுப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. விண்ணப்பத்தை ஒரு புரட்டு புரட்டிவிட்டு, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று தொடங்குகிறார்கள். பேச்சு எங்கெங்கோ போகிறது. அரை மணி நேரத்தில் "நல்ல பிள்ளையாகத் தெரிகிறது" என்றோ "சரிப்பட்டு வராது" என்றோ முடிவாகிவிடுகிறது. ஐந்தாறு பேர் வேலை செய்யும் இடத்தில் பொருந்தாத ஒருவரைச் சேர்த்துவிட்டால் ஆண்டு முழுக்க எல்லாருக்கும் தொல்லை. வந்து உட்கார்ந்திருப்பவருக்கோ அந்த அரை மணி நேரம் பல மாதக் காத்திருப்பின் பலன். தென்னாப்பிரிக்காவில் வேலையின்மை சில ஆண்டுகளாக 30 விழுக்காட்டுக்கு மேலேயே நிற்கிறது, 35 வயதுக்கு உட்பட்டவர்களிடையே 40-ஐத் தாண்டுகிறது. இந்த நிலையில் யோசிக்காமல் கேட்கும் ஒரு கேள்வி ஒருவருடைய வாழ்க்கையையே தட்டிவிடக்கூடும்.

சிறு நிறுவனங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்க உதவுவது என் தொழில். கையில் இருப்பது நாற்பது நிமிடம் என்றால், அதை எந்த வகைக் கேள்விகளுக்குச் செலவிடுவது என்று முதலாளிகள் கேட்பார்கள். மனம்போன போக்கில் பேசலாம். இதுவரை செய்ததைக் கேட்கலாம். இப்படி நேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கலாம். கேள்வியைக் குறைத்து ஒரு சிறு வேலையைக் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லலாம். குடும்பம், ஊர், மதம் விசாரிப்பது ஐந்தாவது வழி. அதைத்தான் நம்மில் பலர் நம்பியிருக்கிறோம், அதுதான் எல்லாவற்றிலும் மோசமானது.

மனம்போன போக்கில் பேசும் நேர்காணலுக்கு ஒரு கவர்ச்சி உண்டு. ஆளை நேரில் பார்த்து நாலு வார்த்தை பேசினால் எடைபோட்டுவிடலாம் என்ற நம்பிக்கை நம் வியாபாரிகளிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. ஆய்வுகள் அதற்குத் துணை நிற்பதில்லை. ஷ்மிட், ஹன்டர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1998-இல் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து, தேர்வு முறைகள் பிற்காலப் பணித்திறனை எவ்வளவு சரியாகக் கணிக்கின்றன என்று கணக்கிட்டார்கள். 0 என்றால் கணிப்புக்கும் திறனுக்கும் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம். எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் இடும் நேர்காணலுக்கு 0.51 கிடைத்தது, கட்டுப்பாடற்ற பேச்சுக்கு 0.38. சாக்கெட் தலைமையிலான குழு 2022-இல் அந்தக் கணக்கைத் திருத்தியபோது எண்கள் 0.42, 0.19 என்று இறங்கின. ஒட்டுமொத்தமாகக் குறைந்தாலும் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி பெரிதாகியிருக்கிறது. ஒழுங்குபடுத்திய நேர்காணலே பட்டியலின் உச்சிக்கு வந்திருக்கிறது. "எத்தனை வருடம் அனுபவம்?" என்று முதல் கேள்வியாகக் கேட்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அனுபவ ஆண்டுகளுக்கு 1998-இன் கணக்கிலேயே 0.18-தான்.

ஏன் இப்படி என்று புரிய டர்பன் கடை ஒன்றின் பின்னறையில் உட்கார்ந்து பார்த்தால் போதும். முதலில் வருபவர் சாட்ஸ்வொர்த்துப் பையன். "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று முதலாளி கேட்கிறார். தாத்தா டர்பனின் பழைய இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் குடியிருந்தவர், அறுபதுகளில் அங்கிருந்து பெயர்க்கப்பட்டு சாட்ஸ்வொர்த்துக்கு வந்தவர் என்று தெரிகிறது. முதலாளியின் தாத்தாவும் அங்கேதான் இருந்தார். பத்து நிமிடம் பழங்கதை ஓடுகிறது, பையனின் தோள் தளர்கிறது, சிரிக்கிறான், பிறகு கேட்ட வேலைக் கேள்விகளுக்கும் தெளிவாகப் பதில் சொல்கிறான். அடுத்து, கறுப்பின மக்கள் வாழும் உம்லாசியிலிருந்து ஒரு பெண். அவளிடம் கேட்க முதலாளியிடம் பழங்கதை எதுவும் இல்லை. "சரி, முன்பு எங்கே வேலை பார்த்தாய்?" என்று நேராகத் தொடங்குகிறது. பதற்றத்தோடே பேசிவிட்டு அவள் பதினைந்து நிமிடத்தில் எழுந்து போகிறாள். முதலாளி யாரையும் ஒதுக்க நினைக்கவில்லை. ஆனாலும் ஒரே வேலைக்கு இரண்டு வேறு நேர்காணல்கள் நடந்துவிட்டன, இரண்டையும் ஒப்பிட்டு எடுத்த முடிவுக்கு அடிப்படையே கிடையாது.

நம் தாத்தா பாட்டிமாரை மேகசின் பாரக்ஸிலிருந்தும் கேட்டோ மேனரிலிருந்தும் பெயர்த்து வீசியது 1950-இன் குழுப் பகுதிகள் சட்டம். அந்தச் சட்டம் ஊரை இனவாரியாகக் கூறுபோட்டதால்தான் இன்றும் "எங்கே குடியிருக்கிறாய்?", "எந்தப் பள்ளியில் படித்தாய்?" என்ற இரண்டு கேள்விகளிலேயே ஒருவருடைய இனமும் வசதியும் வெளிவந்துவிடுகின்றன. அந்தக் காயத்தைச் சுமந்த குடும்பங்களில் வந்த நாம் அதே கேள்வியை வைத்து ஆளைச் சலிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. கேட்பவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேலைக்கு நேரத்துக்கு வருவாரா என்பதுதான். அதையே கேட்கலாம்: "காலை ஏழரைக்குக் கடை திறக்கிறோம், சனிக்கிழமையும் உண்டு. இந்த நேரத்துக்கு வந்துசேர முடியுமா?" கார் வைத்திருக்கிறாரா, டாக்சியில் வருகிறாரா, அண்ணன் கொண்டுவந்து விடுகிறாரா என்பது அவர் பாடு.

இனி, செய்ததைக் கேட்பதா, செய்யப்போவதைக் கேட்பதா என்ற ஒப்பீட்டுக்கு வருகிறேன். முடிவு எடுப்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

இரண்டுக்கும் மூலம் ஒன்று. ஜான் ஃபிளானகன் என்ற உளவியலாளர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க விமானப் படைக்காக வேலை செய்தவர். ஒரு பணியில் வெற்றியையும் தோல்வியையும் தீர்மானித்த குறிப்பிட்ட நிகழ்ச்சிகளைச் சேகரித்தால் அந்தப் பணிக்கு என்ன தேவை என்று தெரியும் என்பதை 1954-இல் முறையாக எழுதி வைத்தார். அதிலிருந்து லேதம் என்ற ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1980-இல் மரம் அறுக்கும் ஆலைத் தொழிலாளர்களை வைத்து "இந்த நிலைமையில் என்ன செய்வீர்கள்?" என்ற வகையைச் சோதித்தார்கள். 1982-இல் ஜான்ஸ் என்பவர் "இப்படி நேர்ந்தபோது என்ன செய்தீர்கள்?" என்ற வகையை முன்வைத்தார்.

செய்ததைக் கேட்பதன் பலம், பதிலைச் சரிபார்க்க முடியும் என்பது. "போன தடவை கையிருப்புக் கணக்கு இடித்தபோது என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால், உண்மையில் கிடங்கில் நின்றவர் எந்தச் சரக்கு, எவ்வளவு குறைந்தது, எந்தப் பக்கம் பிழை இருந்தது என்று விவரத்தோடு பேசுவார். இல்லாதவர் "எப்போதும் கவனமாக இருப்பேன்" என்பார். பழைய மேலாளரிடம் தொலைபேசியில் கேட்டுப் பார்க்கவும் வழி உண்டு. ஒரு தொல்லை மட்டும் உண்டு. நம் பெண்களும் மூத்தவர்களும் தாங்களே செய்ததைக்கூட "எல்லாரும் சேர்ந்து முடித்தோம்" என்று அடக்கமாகச் சொல்லிவிடுவார்கள். தன்னை முன்னிறுத்திப் பேசத் தெரிந்தவருக்கு அதிக மதிப்பெண் போய்விடும். எனவே "அதில் உங்கள் கையால் நடந்தது எது?" என்ற துணைக் கேள்வியை எல்லாரிடமும் கட்டாயம் கேட்கச் சொல்கிறேன்.

ஆனால் இந்த நாட்டில், இந்தக் காலத்தில், வருபவரில் பாதிப்பேர் ஒரு நாளும் சம்பளம் வாங்கியிராத பிள்ளைகள். அவர்களிடம் "போன வேலையில்" என்று தொடங்கும் கேள்வி, வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புவதற்குச் சமம். அந்த இடத்தில் "என்ன செய்வீர்கள்?" என்ற வகைதான் நியாயமானது. எல்லாருக்கும் ஒரே நிலைமை, ஒரே தொடக்கப் புள்ளி. அதன் பலவீனம், சரியான பதிலைச் சொல்லத் தெரிந்தவர் அப்படியே நடப்பார் என்று உறுதி இல்லாதது. அதைச் சமாளிக்க ஒரே வழி, கேள்விக்குள் ஒரு சிக்கலை வைப்பது. "வாடிக்கையாளர் கோபப்பட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் பத்துக்குப் பத்துப் பேரும் "பொறுமையாகப் பேசுவேன்" என்பார்கள், அதிலிருந்து எதுவும் தெரியாது.

மசாலாக் கடை ஒன்றுக்கு விற்பனைக்கூடத்தில் நிற்க ஆள் தேவைப்பட்டபோது நான் முதலில் பேசியது அங்கே ஏற்கெனவே வேலை செய்தவர்களிடம். கடந்த ஆண்டில் தலைவலி கொடுத்தவை எவை என்று கேட்டேன். மாலையில் கல்லாவை எண்ணும்போது காசு குறைவது, ரசீது இல்லாமல் வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டுச் சத்தம் போடுபவர்கள், சொந்தக்காரர் வந்தால் தராசில் வைக்காமலே அள்ளிக் கொடுக்கும் சக ஊழியர் என்று மூன்றைச் சொன்னார்கள். மூன்றும் கேள்விகளாயின. முதல் கேள்வி இது: "மாலை ஐந்தரைக்குக் கல்லாவை எண்ணுகிறீர்கள். 200 ராண்ட் குறைகிறது. அன்று உங்களோடு கல்லாவில் இருந்தவர் உங்கள் நெருங்கிய தோழி. மேலாளர் கிளம்பிவிட்டார். தோழி தன் கைக்காசைப் போட்டு நேர்செய்துவிடலாம் என்கிறாள். என்ன செய்வீர்கள்?"

யாரையும் பார்ப்பதற்கு முன்பே முதலாளியோடு உட்கார்ந்து பதில்களுக்கு மதிப்பெண் குறித்துக்கொண்டோம். கைக்காசைப் போட்டு மூடிவிடுவேன் என்றால் 1. நாளைக் காலை மேலாளரிடம் சொல்வேன் என்றால் 3. மறுபடி எண்ணி, ரசீதுச் சுருளோடு ஒப்பிட்டு, குறைந்த தொகையை எழுதி இருவரும் கையெழுத்திட்டு, அன்றைக்கே மேலாளருக்குத் தெரிவிப்பேன் என்றால் 5. பதிலைக் கேட்ட பிறகு மதிப்பெண்ணை முடிவு செய்தால் நமக்குப் பிடித்தவரின் பதில்தான் சரியான பதிலாகத் தெரியும்.

வந்தவர்களில் ஓர் இளம்பெண் விண்ணப்பத்தில் "முன் அனுபவம் இல்லை" என்று எழுதியிருந்தாள். கேள்வியைக் கேட்டதும் சற்று யோசித்துவிட்டுத் திருப்பிக் கேட்டாள்: "அன்றைக்கு யாராவது மொபைல் ஏர்டைம் வாங்கினார்களா? அது கல்லாவில் ஏறுகிறதா, தனி இயந்திரத்திலா?" முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கடையில் காசு குறைந்த பல நாள்களில் காரணம் அதுதான்: ஏர்டைமும் முன்கட்டண மின்சாரமும் வேறு இயந்திரத்தில் போடப்படும், அதன் சீட்டைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுவார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டோம். அவளுடைய சித்தி வீட்டு வாசலிலேயே ஒரு டக் ஷாப் நடத்துகிறார், பள்ளி விட்டு வந்ததும் இவள்தான் மாலைக் கணக்கு பார்ப்பாளாம். அது சம்பளம் இல்லாத வேலை, எனவே அனுபவமாக எழுதத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு செய்ததைக் கேட்கும் கேள்வியின் வாசலையும் அகலப்படுத்தினேன். "வேலையிலோ வீட்டிலோ பள்ளியிலோ கோயிலிலோ தேவாலயத்திலோ, பிறர் பணத்துக்கோ பொருளுக்கோ நீங்கள் பொறுப்பாக இருந்த ஒரு தடவையைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் முதல் வேலை தேடுபவருக்கும் சொல்ல விஷயம் இருக்கும். காவடி நாளில் ஆயிரம் பேருக்கு அன்னதான வரிசையை நடத்திய பையன் அதை விண்ணப்பத்தில் எழுதமாட்டான்.

ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால், முதல் வேலைக்கு வருபவர் அதிகமுள்ள பணிக்கு "என்ன செய்வீர்கள்?" வகை. கணக்கர், மருந்தாளுநர், கிடங்கு மேலாளர் போல ஏற்கெனவே தொழிலில் உள்ளவர்கள் வரும் பணிக்கு "என்ன செய்தீர்கள்?" வகை. இரண்டு கூட்டமும் கலந்து வரும் பணியில் இரண்டிலும் இரண்டிரண்டு கேட்கலாம், ஆனால் எல்லாரிடமும் அதே நான்கு.

கேள்வி கேட்பதைவிடச் செய்துகாட்டச் சொல்வது சில பணிகளுக்கு இன்னும் நேர்மையானது. விலைப்பட்டியலையும் ஒரு பழைய ஆர்டரையும் கொடுத்து பில் எழுதச் சொல்லலாம். வேண்டுமென்றே இரண்டு பிழை வைத்த பற்றுவரவுத் தாளைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். பதினைந்து நிமிடத்தை மீறக் கூடாது, அந்தத் தாளை நிறுவனம் பயன்படுத்திக்கொள்ளவும் கூடாது. "ஒரு நாள் வந்து வேலை செய்து காட்டு, பார்க்கலாம்" என்று கூலியில்லாமல் உழைக்கவைப்பவர்கள் இருக்கிறார்கள். அது தேர்வே அல்ல, சுரண்டல்.

மொழி விஷயத்திலும் செய்துகாட்டச் சொல்வதே மேல். குவாஸூலு-நட்டாலில் கடைக்கு வருபவர்களில் பெரும்பகுதியினர் ஸூலு பேசுபவர்கள். "உங்கள் தாய்மொழி எது?" என்ற கேள்வியால் ஒன்றும் தெரியாது, சட்டச் சிக்கல்தான் மிச்சம். ஸூலு பேசும் ஊழியர் ஒருவர் வாடிக்கையாளராக நின்று இரண்டு நிமிடம் மஞ்சள்தூள் விலை விசாரித்தால் விடை கிடைத்துவிடும்.

சட்டத்தைப் பற்றி நம் வியாபாரிகளிடையே ஒரு தவறான எண்ணம் பரவிக் கிடக்கிறது. 1998-இன் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். இனவாரி இலக்குகள் பற்றிய பகுதிதான் பெரிய நிறுவனங்களுக்கு. பாகுபாட்டைத் தடுக்கும் 6-ஆம் பிரிவு இரண்டு பேர் வேலை செய்யும் கடைக்கும் பொருந்தும். 9-ஆம் பிரிவின்படி அந்தப் பாதுகாப்பு விண்ணப்பம் போட்டவருக்கும் உண்டு. இனம், பால், கர்ப்பம், மணநிலை, குடும்பப் பொறுப்பு, வயது, மதம், பண்பாடு, மொழி, ஊனம், எச்ஐவி நிலை, அரசியல் கருத்து என்று பட்டியல் நீள்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்காதே என்று சட்டம் வரிசைப்படுத்தவில்லை. ஆனால் பட்டியலில் உள்ள ஒன்றைக் கேட்டுவிட்டு அவரை எடுக்காமல் விட்டால், பாகுபாடு நடக்கவில்லை என்றோ அது நியாயமானது என்றோ காட்டும் சுமை 11-ஆம் பிரிவின்படி முதலாளியின் தலையில் விழும். அந்தப் பணியின் இயல்பே அதைக் கோருகிறது என்று காட்ட முடிந்தால் தப்பலாம்.

"கல்யாணம் ஆகிவிட்டதா? குழந்தை எப்போது?" என்று பெண்களிடம் மட்டும் கேட்பது இன்னும் நடக்கிறது. அக்கறையோடு கேட்கிறோம் என்பார்கள். மாதக் கடைசியில் இரவு எட்டு வரை இருக்க வேண்டும் என்பதுதான் கவலை என்றால் அதைச் சொல்லி, முடியுமா என்று ஆண் பெண் இருவரிடமும் கேட்கலாம். மதமும் அப்படித்தான். இறைச்சிப் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது "நீங்கள் இந்துவா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இந்தப் பிரிவில் மாட்டிறைச்சியும் வெட்டிப் பொட்டலம் கட்ட வேண்டும், உங்களால் முடியுமா?" என்று கேட்டால் போதும். சைவ உணவுக்காரர் ஒருவர் "சாப்பிடமாட்டேன், ஆனால் வேலை செய்வேன்" என்று சொல்லலாம். அதை அவருக்காக நாம் முடிவு செய்ய வேண்டியதில்லை.

"மூக்குத்தியைக் கழற்றுவாயா?" என்று கேட்பவர்கள் 2007-ஆம் ஆண்டுத் தீர்ப்பை நினைவில் கொள்ளட்டும். டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் மூக்குத்தி அணிந்த நம் தமிழ்க் குடும்பத்து மாணவியின் வழக்கு அரசமைப்பு நீதிமன்றம் வரை போனது. பண்பாட்டையும் மதத்தையும் ஒட்டி அவள் அணிந்ததற்குப் பள்ளி விலக்கு அளித்திருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அது பள்ளி வழக்குத்தான், ஆனாலும் நியாயமாக இடங்கொடுப்பது என்ற கருத்து வேலையிடத்துக்கும் உரியது.

வேலையோடு ஒட்டாத ஒரு விவரத்தை வைத்து முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹாஃப்மன் வழக்கைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 1996-இல் சவுத் ஆப்ரிக்கன் ஏர்வேஸில் விமானப் பணியாளராக விண்ணப்பித்த அவர் நேர்காணல், உளவியல் சோதனை, நடித்துக்காட்டல் என்று நான்கு கட்டத் தேர்விலும் தேறினார். பிறகு இரத்தச் சோதனையில் எச்ஐவி இருப்பது தெரிந்ததும் நிறுத்தப்பட்டார். 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் அரசமைப்பு நீதிமன்றம் அது நியாயமற்ற பாகுபாடு என்று தீர்ப்பளித்து, அவருக்கு அந்த வேலையையே கொடுக்கும்படி உத்தரவிட்டது. உடல்நலம் பற்றி விசாரிப்பதை விட்டு, "25 கிலோ மூட்டையைத் தூக்கி அடுக்க வேண்டும், இதற்கு ஏதாவது ஏற்பாடு தேவைப்படுமா?" என்று கேட்பதே சரி.

கடன் வரலாற்றைப் பார்ப்பதற்கும் எல்லை உண்டு. பணத்தையோ நிதியையோ நேர்மையாகக் கையாள வேண்டிய பணிக்குக் கடன் விதிமுறைகள் அதை அனுமதிக்கின்றன. பொட்டலம் கட்டுபவரின் கடனைத் துருவுவதற்கு அந்த அனுமதி கிடையாது.

புதிர்க் கேள்விகளில் நேரத்தை வீணாக்க வேண்டாம். அவற்றால் பெயர்பெற்ற கூகுளே பயனில்லை என்று கைவிட்டதை அதன் அப்போதைய மனிதவளத் துறைத் தலைவர் லாஸ்லோ பாக் 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். இணையத்தில் கிடைக்கும் ஆளுமைச் சோதனைகளும் வேண்டாம். உளவியல் சோதனை என்றால் அது அறிவியல் முறையில் செல்லத்தக்கதாகவும் எந்தக் குழுவுக்கும் பாதகமில்லாததாகவும் இருக்க வேண்டும் என்று வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு கேட்கிறது.

நாற்பது நிமிடத்தை நான் இப்படிப் பிரிப்பேன்: வேலையையும் நேரத்தையும் சம்பளத்தையும் நாமே சொல்ல ஐந்து நிமிடம், நான்கு கேள்விகளுக்கு இருபது, செய்துகாட்ட பத்து, அவர் நம்மைக் கேட்க ஐந்து. "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்காமல் இருக்க முடியாதவர்கள், வேலை கொடுத்த பிறகு முதல் நாள் தேநீர் வேளையில் கேட்டுக்கொள்ளட்டும். இருவர் உட்கார்ந்து கேட்டால் ஒருவரோடொருவர் பேசாமல் தனித்தனியே மதிப்பெண் இட வேண்டும். எண்கள் மிகவும் வேறுபட்டால் அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதிலை மறுபடி படித்துப் பார்க்க வேண்டும்.

மதிப்பெண் தாளில் "நல்ல குடும்பம்", "தெனாவட்டு" என்றெல்லாம் எழுதாமல், அவர் சொன்ன வார்த்தைகளையே சுருக்கமாக எழுதுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி தம்மைப் பற்றி எழுதி வைத்திருப்பதைக் காட்டும்படி கேட்க அவருக்கு உரிமை உண்டு. பாகுபாடு நடந்ததாக ஒருவர் நினைத்தால் ஆறு மாதத்துக்குள் தொழில் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் சிசிஎம்ஏ என்ற அமைப்புக்குப் போகலாம் என்பதால், எடுக்காதவர்களின் தாள்களையும் குறைந்தது அதுவரை பூட்டி வையுங்கள். தேவை முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.